செம்புக்கு விலை உண்டு, ஒயரின் தோலுக்கு இல்லை

சென்னை பெருங்குடி குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாடுகளின் திறந்தவெளிக் குப்பைமேடுகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு அது. பெருங்குடிப் பெண்களின் தாய்ப்பாலில் டையாக்சின் என்ற நஞ்சு இருந்தது. குப்பைமேட்டுக்குத் தொலைவில் வாழ்ந்த பெண்களின் பாலில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. எந்த வழியாக உடம்புக்குள் வந்திருக்கும் என்று தேடியபோது அவர்கள் கண்ட வழிகளில் முக்கியமானது மாட்டுப்பால். குப்பைமேட்டில் மேய்ந்த மாடு, அந்த மாட்டின் பாலைக் குடித்த தாய், அந்தத் தாயிடம் பால் குடித்த குழந்தை.

இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கவே பயப்படக் கூடாது. இந்த நஞ்சுகள் பற்றியெல்லாம் தெரிந்த பிறகும் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலைத்தான் பரிந்துரைக்கிறது; அதன் நன்மை அவ்வளவு பெரியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டையாக்சின் எரியும் குப்பையிலிருந்து வருவது. பெருங்குடிக் குப்பைமேட்டில் எரிந்தது ஒயர், டிவி போன்ற மின்கழிவு மட்டும் அல்ல, ஊரின் எல்லாக் குப்பையும்தான். ஆனால் டையாக்சின் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், மின்கழிவு வேறு பிளாஸ்டிக் கழிவு வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது எவ்வளவு தவறு என்பது புரியும்.

டையாக்சினை யாரும் விற்பதற்காகத் தயாரிப்பதில்லை. சில பொருட்கள் சேர்ந்து அரைகுறையாக எரியும்போது அது தானாகப் பிறக்கிறது. அதற்கு முதலில் குளோரின் வேண்டும். ஒயரைப் போர்த்தியிருக்கும் பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப் பிசினில், எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். அடுத்து, எரியும் பொருளிலிருந்து கரி வேண்டும். பிறகு, வேதிவினையை முடுக்கிவிட ஓர் உலோகம் வேண்டும்; அந்த வேலையைச் செம்பு மிக நன்றாகச் செய்கிறது. கடைசியாக, 250 முதல் 450 டிகிரி வரையிலான வெப்பம். ஊதுலையின் வெப்பம் இதைவிட எவ்வளவோ அதிகம். டயரையோ பழைய ஃபோமையோ கொளுத்தி அதன் மேல் ஒயர்க் கட்டைப் போட்டால், புகை ஆறும் வழியில் கிடைப்பது சரியாக இந்த வெப்பம்தான். தேவையான அத்தனையும் ஒரே நெருப்பில் சேர்ந்துவிடுகின்றன.

பிறந்த டையாக்சின் சாம்பலோடு மண்ணில் படிகிறது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் அது நேராகக் குடிநீர்க் குழாய் வழியே வருவதில்லை. மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டையில், மேயும் மாட்டின் பாலில் சேர்ந்து வருகிறது. மனித உடம்பில் சேர்ந்த டையாக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்பையும், ஹார்மோன்களையும், கருவில் வளரும் குழந்தையையும் அது பாதிக்கிறது. டையாக்சின் குடும்பத்தில் மிகக் கொடியதை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது.

பெருங்குடியில் பாலில் நடந்தது, ஆப்பிரிக்காவில் முட்டையில் நடந்தது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்போக்ப்ளோஷி என்ற இடம் பல ஆண்டுகள் மின்கழிவு உடைக்கும் சந்தையாக இருந்தது. இளைஞர்கள் நாள் முழுக்க ஒயர் எரித்துச் செம்பு எடுப்பார்கள். அங்கே மண்ணில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2019-இல் ஓர் அறிக்கை வந்தது. அப்படி ஒரே ஒரு முட்டையைச் சாப்பிட்டாலே, குளோரின் டையாக்சினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த ஒரு நாள் வரம்பை ஒரு பெரியவர் 220 மடங்கு தாண்டிவிடுவார் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

ஈயத்தின் கதை இன்னும் நேரடியானது. சீனாவின் குய்யூ நகரத்தில் வீட்டுக்கு வீடு மின்கழிவுப் பட்டறை இருந்த காலத்தில், அங்குள்ள 165 குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மூளை வளரும் வயதில் ஈயம் சேர்ந்தால் அறிவுத்திறனும் கவனமும் குறைகின்றன, குறைந்தது திரும்பாது. மின்சாதனங்களுக்குள் இருக்கும் மின்சுற்று போர்டில் பற்றவைத்திருக்கும் பழைய ஈயப்பற்று, பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடி, இவற்றிலிருந்துதான் அந்த ஈயம் வருகிறது.

சரி, இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் எரிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் அறியாமை என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒயர் எரிப்பவருக்கு அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும் என்று நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

காரணம் விலை. ஒயருக்குள் இருக்கும் செம்புக்கு என்றைக்கும் விலை உண்டு. மேலே இருக்கும் தோலுக்கு விலை இல்லை, அல்லது எடுக்கிற கூலிக்குக் கட்டுப்படியாகாத விலை. தடித்த கேபிளைக் கத்தியால் கீறி உரித்துவிடலாம். எரித்து எடுத்த செம்பு கறுத்துப்போயிருக்கும், உரித்து எடுத்த பளபளப்பான செம்புக்குத்தான் அதிக விலை. அதனால் தடித்த கேபிளைப் பலரும் உரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஹெட்போன் ஒயர், சார்ஜர் ஒயர், கணினிக்குள் நூல்போல் ஓடும் ஒயர், இவற்றை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தால் அன்றைய கூலி தேறாது. ஒரு தீக்குச்சியில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அக்போக்ப்ளோஷியில் 2014 வாக்கில் தொண்டு நிறுவனங்கள் ஒயர் உரிக்கும் மெஷின்களை வைத்துக் கொடுத்துப் பார்த்தன. தடித்த ஒயருக்கு அவை உதவின, மெல்லிய ஒயர் தொடர்ந்து நெருப்புக்கே போனது.

உலகக் கணக்கிலும் இதே கதைதான் தெரிகிறது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது என்று ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டும். அந்த 6.2 கோடி டன்னைப் பிரித்தால் 3.1 கோடி டன் உலோகம், 1.7 கோடி டன் பிளாஸ்டிக். அதாவது மின்கழிவில் கால் பங்குக்கு மேல் பிளாஸ்டிக். முறையற்ற கையாளுதலால் ஆண்டுக்கு 58 டன் பாதரசமும், தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் கலந்த பிளாஸ்டிக் 45,000 டன்னும் சுற்றுச்சூழலில் கலக்கின்றன என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. செய்திகளில் எல்லாம் செல்போனுக்குள் தங்கம் இருக்கிறது என்று வருகிறது. உண்மைதான், ஒரு டன் போர்டில் இருக்கும் தங்கம், ஒரு டன் சுரங்கத் தாதுவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த 1.7 கோடி டன் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தமிழ்நாட்டில் பழைய சாமானைச் சேகரிக்கும் வேலையை இன்றுவரை செய்துவருவது காயலான் கடைதான். பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டி வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று பழம் இல்லை, பணமாகக் கொடுக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே வந்து, மாடியில் இருந்து தாங்களே சுமந்து இறக்கி, கையில் காசும் கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டை எந்த அரசுத் திட்டமும் இதுவரை மிஞ்சவில்லை. எங்கள் தெருவில் ஒரு பழைய குளிர்சாதனப்பெட்டி இரண்டு மணி நேரம்கூட வெளியே நிற்காது. சேகரிப்பு அவ்வளவு நன்றாக நடக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு.

கடையில் பொருள் பிரிகிறது. இரும்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், கம்ப்ரெசருக்குள் இருக்கும் செம்பு ஒரு பக்கம். போர்டுகள் மூட்டை மூட்டையாகக் கைமாறி வடக்கே போகின்றன. பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன உத்தரப்பிரதேசத்து மொராதாபாத், போர்டு உருக்கும் ஊராகவும் மாறியது இப்படித்தான். அங்கே போர்டுகளை எரித்து, சாம்பலை அரைத்து, ராம்கங்கை ஆற்றங்கரையில் அலசி, திராவகத்தில் ஊறவைத்து உலோகம் எடுத்தார்கள். கரையெல்லாம் கறுப்புத் தூள். ஆற்றங்கரையில் மின்கழிவைக் கொட்டினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியதாயிற்று. உலோகம் எல்லாம் இப்படி ஏதோ ஒரு வழியில் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிடுகிறது. கடைசியில் எஞ்சி நிற்பது டிவியின் உடல், பிரின்டரின் கூடு, கீபோர்டு, ஒயரின் தோல்.

இந்தக் கூடுகளில் இன்னொரு வம்பு இருக்கிறது. மின்சாதனம் சூடாகும், தீப்பிடிக்கலாம் என்பதால் பழைய சாதனங்களின் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்ந்த தீத்தடுப்பான்களைக் கலந்திருப்பார்கள். எரித்தால் இவை டையாக்சினின் உறவுக்காரப் பொருட்களைத் தருகின்றன. எரிக்காமல் உருக்கினாலோ, மறுபிறவி எடுக்கும் பொருளோடு கூடவே போகின்றன. கறுப்பு நிற மறுசுழற்சி பிளாஸ்டிக் பொம்மைகளிலும் சமையல் கரண்டிகளிலும் பல நாடுகளின் ஆய்வாளர்கள் இந்தத் தீத்தடுப்பான்களைக் கண்டிருக்கிறார்கள். பொம்மைக்கும் கரண்டிக்கும் யாரும் தீத்தடுப்பான் கலக்க மாட்டார்கள். அது பழைய டிவியிலிருந்து வந்தது. 2024 அக்டோபரில் இது பற்றி வந்த ஓர் ஆய்வு உலகமெங்கும் பீதி கிளப்பியது. அதில் ஒரு பெருக்கல் பிழை: 60 கிலோ எடையுள்ளவருக்கான ஒரு நாள் வரம்பு 4,20,000 நானோகிராம் என்று வர வேண்டிய இடத்தில் 42,000 என்று எழுதிவிட்டார்கள். பிறகு திருத்தினார்கள். ஆகவே கறுப்புக் கரண்டியைக் கண்டு அலற வேண்டியதில்லை. ஆனால் டிவிக் கூடு கரண்டியாக மாறி அடுப்படிக்கு வந்தது என்ற உண்மையில் பிழை இல்லை.

பிரிப்பதற்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, அதுவும் எளிய வழி. புரோமின் கலந்த பிளாஸ்டிக் கனமானது. சரியான அடர்த்தியில் கரைத்த உப்புத் தண்ணீரில் தூளாக்கிய பிளாஸ்டிக்கைப் போட்டால் புரோமின் உள்ளது மூழ்கும், இல்லாதது மிதக்கும். டெல்லியின் சிறு பட்டறைகள்கூட இந்த வித்தையைப் பயன்படுத்துகின்றன. மிதந்ததை விற்கலாம். மூழ்கியதை என்ன செய்வது என்பதில்தான் சங்கிலி அறுகிறது. அதை அபாயக் கழிவுக்கான நிலநிரப்பு இடத்துக்கோ, உயர் வெப்ப எரியுலைக்கோ அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே அனுப்பினால் அனுப்புகிறவர் பணம் கட்ட வேண்டும். செம்பை விற்று நாலு காசு பார்க்கிற மனிதரிடம், தோலுக்காகக் கைக்காசு கட்டு என்றால் எப்படி நடக்கும்? ஒயர் தோலைச் சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாக அனுப்பலாமே என்று தோன்றும். சிமென்ட் ஆலைகள் வேறு பிளாஸ்டிக்கை ஏற்கும், பிவிசியை விரும்பாது. குளோரின் உலையைக் கெடுக்கும். உருக்கி மிதியடியோ தண்ணீர்க் குழாயோ செய்யலாம் என்றால், பழைய ஒயர்களின் தோலில் ஈயம் கலந்த சேர்க்கைகள் இருப்பது வழக்கம். ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தத் தோலை வேண்டாம் என்கிறார்கள்.

இந்தியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2011-இல் முதல் மின்கழிவு விதிகள் வந்தன, 2016-இல் புதுப்பித்தார்கள். இப்போது நடப்பில் இருப்பவை 2022 விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தவை. சாதனத்தைத் தயாரித்து விற்கிற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது அடிப்படை. முதல் இரண்டு ஆண்டுகள் 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டுகள் 70, 2027-28 முதல் 80 விழுக்காடு கழிவை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை நிறுவனங்கள் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் அந்தச் சான்றிதழை உருவாக்கி விற்கும், நிறுவனங்கள் வாங்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சான்றிதழைக் கணக்கிடுவது நான்கு உலோகங்களை வைத்து: தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். ஏற்கெனவே சந்தையில் விலை உள்ள நான்கு பொருட்களுக்குச் சட்டமும் விலை கொடுக்கிறது.

பிளாஸ்டிக்கை முறையாக அப்புறப்படுத்த வேண்டும் என்று விதிகளில் இருக்கிறது; அதற்குச் சான்றிதழ் வருமானம் இல்லை. பிளாஸ்டிக் கழிவு விதிகள் தனியாக இருக்கின்றனவே என்றால், அவற்றின் கீழ் நிறுவனங்களின் பொறுப்பு பெரும்பாலும் பொதிகளைப் பற்றியது: பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, தண்ணீர் பாட்டில். டிவியைச் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறைக்கு அந்த விதியில் ஒரு பொறுப்பாளி இருக்கிறார். டிவியின் பிளாஸ்டிக் உடம்பு இரண்டு விதிகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய ஓட்டை கண்ணில் படவில்லை.

காயலான் கடையும் விதிகளின் கண்ணில் இல்லை. 2022 விதிகளில் பதிவு செய்யக்கூடியவர்கள் நான்கே வகை: சாதனம் செய்பவர், அதைச் சந்தைக்குக் கொண்டுவருபவர், பழுதுபார்த்துப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். பழைய விதிகளில் இருந்த சேகரிப்பு மையமும் பிரித்தெடுப்பவரும் இப்போது இல்லை. உண்மையில் பொருளைக் கையில் எடுக்கும் மனிதர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. சான்றிதழின் விலை அடிமட்டத்துக்குப் போய்விடாமல் இருக்க, நுகர்வோர் மின்சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று 2024-இல் அரசு நிர்ணயித்தபோது, பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சாதனத்தைக் கடைசியில் பத்திரமாகப் பிரிப்பதற்கு இந்தத் தொகை அதிகம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-இல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கேரி பேக் பற்றி இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது பெரிய சாதனை, குறைத்துப் பேச மாட்டேன். அதே கவனம் ஒயரின் தோலுக்கும் வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

பிவிசி இல்லாமல் ஒயர் செய்ய முடியாதா? முடியும், செய்கிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் பல ஆண்டுகளாக ஓர் அடிக்குறிப்பு வந்தது. தங்கள் மின்இணைப்புக் கம்பிகளில் பிவிசி கிடையாது, ஆனால் இந்தியா, தென்கொரியா போன்ற சில நாடுகள் விதிவிலக்கு, அங்கே அரசு அனுமதிக்காகக் காத்திருக்கிறோம் என்று. அதாவது ஒயரைத் தெருவோரத்தில் எரிக்கிற நாட்டுக்குத்தான் எரித்தால் டையாக்சின் தருகிற ஒயர் வந்துகொண்டிருந்தது. இப்படி ஓர் அடிக்குறிப்பு நம் ஊரில் எந்த விவாதத்தையும் கிளப்பவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

முறையான பெரிய ஆலைக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்தை ஒட்டிய ஹோபோக்கனில் உலகத்தின் மிகத் தேர்ந்த உலோக மீட்பு ஆலை இருக்கிறது. போர்டுகளை ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கி, புகையைச் சட்டெனக் குளிர்வித்து டையாக்சின் சேராமல் தடுக்கும் தொழில்நுட்பம் கொண்டது. 2020-இல் அந்த ஆலைக்கு அருகே வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. ஆலை நிறுவனம் பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டு இடையே பசுமைப் பட்டை அமைக்க முன்வந்தது. அங்கே குழந்தைகளின் இரத்தத்தை முறை தவறாமல் சோதிக்கிறார்கள், அதனால் தெரிந்தது. நம் ஊர்ப் பட்டறைகளைச் சுற்றி அப்படி ஒரு வழக்கமான சோதனை வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

வீட்டளவில் செய்யக்கூடியவையும் உண்டு. முதலாவது, பொருளை முழுசாகக் கொடுப்பது. ஒயரை வெட்டி எடுத்துக்கொண்டு டிவியைத் தருவது, உடைத்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். பழைய படக்குழாய் உடைந்தால் ஈயக் கண்ணாடித் தூள் வீட்டுக்குள்தான் பறக்கும். உப்பிப்போன செல்போன் பேட்டரியைக் குத்தாமல், அமுக்காமல், முனைகளில் டேப் ஒட்டித் தனியே வைத்து, ஏற்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியிலேயே தீப்பிடிக்கலாம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அடுக்ககத்தில் இருப்பவர்கள் நாலைந்து வீடு சேர்ந்து கூப்பிட்டால் வந்து எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அப்புறம், ரிப்பேர். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஓர் ஐசி சிப்பை மாற்றி இன்னும் மூன்று வருடம் ஓட வைக்கிறவர், எந்த மறுசுழற்சி ஆலையையும்விடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறார். 2027 பிப்ரவரி முதல், சிறு கருவிகளின் பேட்டரியை வாடிக்கையாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டிருக்கிறது. அது இங்கும் வர வேண்டும்.

காயலான் கடைக்கே கொடுப்பதாக இருந்தால், கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அண்ணே, ஒயரை உரிக்கிறீங்களா, எரிக்கிறீங்களா? சண்டைக்குக் கேட்பதுபோல் இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார். உரிக்கும் மெஷின் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால், கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் அவரிடமே போடுங்கள்.